ஐம்பத்தெட்டாம் பக்கத்து இரட்டை எண்கள்

அன்புச்செல்விக்கு அந்த வேலை ஒரே ஒரு மதிப்பெண்ணில் கைநழுவிப் போனது. தெரியாமல் விட்ட மதிப்பெண்ணாக இருந்திருந்தால் ஒரு நாள் அழுது தீர்த்திருப்பாள். இது சரியான விடையை எழுதி, அதனாலேயே போன மதிப்பெண். அதனால் அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. வந்த எரிச்சல் போகவும் இல்லை. கண்ணில் படுகிறவர்கள் மேலெல்லாம் விழுந்து பிடுங்க வேண்டும் போல இருந்தது. பெரும்பாலும் கண்ணில் பட்டவன் எழில். புருஷனாக வாய்த்த பாவத்துக்கு அவனும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டான்.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வயது முப்பத்தாறு. பிறந்தது மதுக்கரையில், இப்போது இருப்பது உக்கடத்தில் ஒரு வாடகை வீட்டில். அம்மா மாசாணியம்மாள் அடுத்தவர் தோட்டத்தில் களை எடுத்தும் வெங்காயம் அறுத்தும் அவளைப் படிக்க வைத்தாள். அவர்கள் வீதியில் பெயருக்குப் பின்னால் எம்.எஸ்சி. என்று போட்டுக்கொண்ட முதல் ஆள் அன்புச்செல்விதான். பி.எட். முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த மூன்று மாதம், உக்கடத்துச் சந்து ஒன்றில் இருந்த கைடு கம்பெனியில் அச்சுப்பிழை பார்த்தாள். அவள் பார்த்த புத்தகத்தின் முதல் பக்கத்தில் அவள் பெயரை அச்சடித்துக் கொடுத்தார்கள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்தப் பக்கத்தில் மகள் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டால் விரலை வைத்துக் காட்டிவிடுவாள்.

அதற்குப் பிறகு பதினோரு வருடம், நான்கு தனியார் பள்ளிகள். நான்கிலும் டெம்பரரி. டெம்பரரி டீச்சரின் வேலை ஏப்ரல் கடைசியில் போய்விடும், பள்ளி திறந்ததும் திரும்ப வரும். இடைப்பட்ட மே மாதத்தில் அவள் யாரென்றே பள்ளிக்குத் தெரியாது. மே மாதம் பசிக்காது என்று நிர்வாகத்துக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். நான்கு பள்ளிகளிலும் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ஒன்றுதான்: கோவக்கார மேத்ஸ் மிஸ். அது பாதிதான் உண்மை. பிள்ளைகள் தப்பாகச் சொன்னால் அவளுக்குக் கோபம் வராது. வகுப்புக்குள் கைடு கொண்டு வந்தால்தான் வரும். கைடோடு வருகிற பிள்ளையை வராந்தாவில் நிறுத்திவிடுவாள். விடையை மனப்பாடம் செய்கிறவனுக்கு மூளை எதற்கு என்று கேட்பாள்.

பெருந்துறையில் மில்காரர் குடும்பம் ஒன்று அறக்கட்டளை வைத்து மூன்று பள்ளிகள் நடத்துகிறது. அங்கே நிரந்தரக் கணித ஆசிரியர் வேலைக்கு எழுத்துத் தேர்வு என்று அறிவிப்பு வந்தது. பி.எஃப். உண்டு, மருத்துவக் காப்பீடு உண்டு, மே மாதமும் சம்பளம் உண்டு. வயது முப்பத்தேழுக்கு மேல் போகக் கூடாது. ஆகவே இதை விட்டால் அவளுக்கு இன்னொரு வாய்ப்பு இல்லை. ஆறு மாதம் படித்தாள். நூற்றைம்பதுக்குத் தேர்வு.

அதில் எண்பத்து மூன்றாவது கேள்வி இது. கீழ்க்கண்டவற்றுள் சரியான கூற்று எது? அ, இயல் எண்களின் கணத்தில் இரட்டை எண்களின் கணத்தைவிட அதிக உறுப்புகள் உள்ளன. ஆ, இரட்டை எண்களின் கணத்தில்தான் அதிக உறுப்புகள் உள்ளன. இ, இரண்டு கணங்களும் சம அளவுள்ளவை. ஈ, இவற்றை ஒப்பிட இயலாது.

படித்ததும் அன்புச்செல்வி தேர்வு அறையிலேயே சிரித்துவிட்டாள். பரவாயில்லையே, விவரமான ஆள்தான் கேள்வித்தாள் எடுத்திருக்கிறார் என்று நினைத்து, இ என்ற வட்டத்தை நன்றாக அழுத்தி நிரப்பினாள்.

இரண்டு வாரம் கழித்துத் தற்காலிக விடைக்குறிப்பு வெளிவந்தது. ஆசிரியர் அறையில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் பார்த்தாள். எண்பத்து மூன்றுக்கு நேராக அ என்று போட்டிருந்தது. அவளுக்கு நூற்றுப் பதினெட்டு. கூடவே வந்த தற்காலிகப் பட்டியலில் கடைசியாகத் தேர்வானவருக்கு நூற்றுப் பத்தொன்பது. டிபன் பாக்ஸை மூடிவிட்டாள்.

எதிரே உட்கார்ந்திருந்த இயற்பியல் டீச்சர் ஷ்ரவ்யா என்னவென்று கேட்டாள். அன்புச்செல்வி போனைக் காட்டினாள். ஷ்ரவ்யா கேள்வியை இரண்டு முறை படித்தாள்.

"அன்பு மிஸ், எனக்கு இதுல ரொம்ப நாளா ஒரு டவுட்டுங்க. இயல் எண்கள் முடிவில்லாம இருக்குதுன்னா, அதுல ஒரு நம்பராவது முடிவிலியா இருந்துதானே ஆகணும்? கடைசில எங்கியாவது?"

"கடைசின்னு ஒண்ணு இருந்தா அது எப்படீங்க முடிவில்லாதது ஆகும்?"

"அப்ப அதுல இருக்கற எல்லா நம்பரும் முடியற நம்பர்தானுங்களா?"

"ஒவ்வொண்ணும் முடியறதுதானுங்க. எவ்வளவு பெருசா வேணா ஒரு நம்பரைச் சொல்லுங்க, உக்காந்து எழுதினா எழுதி முடிச்சரலாம். முடியாதது வரிசைதான். வரிசைல நிக்கற நம்பர் இல்ல."

ஷ்ரவ்யா, "ஒண்ணொண்ணா பார்த்தா முடியுது, மொத்தமா பார்த்தா முடியலியா? என்னமோ இடிக்குதுங்க மிஸ்," என்று சொல்லி மணி அடித்ததும் எழுந்து போனாள். ஷ்ரவ்யா மேல் அன்புச்செல்விக்குக் கோபம் இல்லை. இடிக்கிறது என்று ஒப்புக்கொள்கிறவளிடம் பேசலாம். இடிக்கவே இல்லை என்கிறவர்களிடம்தான் அவளுக்குப் பொறுமை கிடையாது.

அப்படிப்பட்டவன் வீட்டிலேயே இருந்தான். எழில் ஒரு சமையல் காண்ட்ராக்டரிடம் பந்தி மேற்பார்வை பார்க்கிறவன். முகூர்த்த நாட்களில் காலை மூன்று மணிக்கே போய்விடுவான், மற்ற நாட்களில் வீட்டில் இருப்பான். அன்று வீட்டில் இருந்தான். அவள் தோசை ஊற்றிக்கொண்டே நடந்ததைச் சொன்னாள்.

"நூறு வரைக்கும் எண்ணினா ரெட்டை அம்பதுதானே செல்வி," என்றான் அவன். "அவங்க சரியாத்தான் போட்டிருக்கறாங்க. நீதான் அவசரத்துல மாத்திப்போட்டே."

கையிலிருந்த தோசைக் கரண்டி அந்தரத்தில் நின்றது. எழில் தட்டைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"ஏனுங்க, மண்டபத்துல பந்தி உக்காந்திருக்குது. ஆள் எத்தனை, இலை எத்தனைன்னு எண்ணிப் பார்ப்பீங்களா?"

"அதுக்கெங்கே நேரம்? காலி இலை கிடக்குதா, ஆராச்சும் எடமில்லாம நிக்கறாங்களான்னு ஒரு பார்வை பார்ப்போம். ரெண்டும் இல்லீன்னா சரியாப் போச்சுன்னு சாம்பார் வாளியத் தூக்கிருவோம்."

"ஆக எண்ணாமயே ஆளும் இலையும் சமம்னு உங்களுக்குத் தெரியுது?"

"தெரியாம என்ன?"

"அதேதானுங்க இது. ஒண்ணை ரெண்டுல உக்கார வைங்க. ரெண்டை நாலுல. மூணை ஆறுல. எந்த எண் வந்தாலும் அதுக்குன்னு ஒரு ரெட்டைப்படை இலை இருக்குது. எந்த ரெட்டைப்படை இலையைப் பார்த்தாலும் அதுல ஒரு ஆள் இருக்கறான். காலி இலையும் இல்ல, நிக்கற ஆளும் இல்ல. அப்ப சமம்தானே?"

எழில் தோசையைப் பிய்த்து வாயில் போட்டு மென்றான். முகத்தைப் பார்த்தால் புரிந்துவிட்டது போலத்தான் இருந்தது.

"சரி. ஆனா ஒத்தப்படை இலையிலயும் ஆளுக இருந்தாங்களே, அவங்க?"

"மாறி உக்காந்துட்டாங்க."

"பந்தியில உக்காந்தவனை எந்திரிச்சு மாறி உக்காருன்னு சொன்னா அடிக்க வருவாங்க செல்வி. நீ வேற."

"நூறோட நிறுத்துனாத்தான் பாதி. நிறுத்தாத எடத்துல பாதி எங்க இருந்து வரும்? எங்கே நிறுத்திப் பாதி பிரிப்பீங்க?"

"நிறுத்தாம பந்தி போட்டா அரிசி ஆரு குடுக்கறது?" என்று கேட்டுவிட்டு எழில் கை கழுவப் போனான். அடுப்பில் அடுத்த தோசை கருகியது. அதை அவனுக்கே வைத்தாள்.

ஆட்சேபணை தெரிவிக்க ஏழு நாள் கொடுத்திருந்தார்கள். பல்கலைக்கழகப் பாடநூல்கள் இரண்டிலிருந்து பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்தாள். தன் கையால் ஒரு பக்கத்துக்கு நிரூபணம் எழுதிச் சேர்த்து அனுப்பினாள். பத்தாம் நாள் ஒரு வரியில் பதில் வந்தது. எடுத்துக்காட்டிய நூல்கள் பள்ளிப் பாடத்திட்டத்துக்கு உட்பட்டவை அல்ல, ஆகவே நிராகரிக்கப்படுகிறது. உண்மை எந்த வகுப்பிலிருந்து உண்மையாகத் தொடங்கும் என்று கேட்டு மறுகடிதம் எழுதினாள். அதற்குப் பதில் இல்லை. மூன்றாவது கடிதத்தில் கேலியை எல்லாம் எடுத்துவிட்டு, நேரில் பத்து நிமிடம் கொடுத்தால் போதும், விளக்கிவிடுகிறேன் என்று கெஞ்சினாள். அவளுக்குக் கெஞ்ச வராது. அந்த ஒரு கடிதத்துக்கு நான்கு தாள் கிழிந்தது. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வரச் சொல்லி போன் வந்தது.

பள்ளியில் லீவு சொல்லிவிட்டு காந்திபுரத்தில் ஈரோடு பஸ் ஏறினாள். பெருந்துறை போய்ச் சேரும்வரை சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். கோபப்படக் கூடாது என்பதையும் நடுநடுவே சொல்லிக்கொண்டாள்.

அறைக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் யஷ்வந்த், அறக்கட்டளைச் செயலாளர். தாத்தா பஞ்சு மில் வைத்தவர், அப்பா பள்ளி வைத்தவர், இவன் வெளிநாட்டில் எம்.பி.ஏ. படித்துவிட்டு வந்து இரண்டையும் பார்த்துக்கொள்கிறான். முப்பது வயது இருக்கும். எழுந்து நின்று, "வாங்க மேடம், உக்காருங்க, காபி சாப்பிடறீங்களா?" என்று கேட்டான். பதினோரு வருடத்தில் எந்தப் பள்ளி நிர்வாகியும் அவளுக்காக எழுந்து நின்றதில்லை. இன்னொருவர் கேள்வித்தாள் எடுத்த பாட வல்லுநர் சுப்பராயலு, ஓய்வு பெற்ற பேராசிரியர். அவர் எழுந்திருக்கவில்லை.

"தகு உட்கணம் எப்பவுமே சின்னதுதானம்மா," என்று அவரே ஆரம்பித்தார். "முழு வெல்லத்தைவிட உடைச்ச துண்டு சின்னது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும்."

"முடிவுறு கணத்துக்கு அது சரிங்க சார். முடிவிலி கணத்துக்கு அப்படி இல்லீங்க."

"கணம்னா கணம்தான். அதுல என்னம்மா சாதி பிரிக்கறே?"

அன்புச்செல்வி தாளை எடுத்து இரண்டு வரிசை எழுதினாள். மேலே ஒன்று, இரண்டு, மூன்று. கீழே இரண்டு, நான்கு, ஆறு. நடுவில் அம்புக்குறிகள். பந்தியும் இலையும் சொன்னாள். எழிலிடம் சொன்னதைவிட நன்றாகவே சொன்னாள், குரலும் உயரவில்லை.

"இது கணக்கா, சமையலா?" என்றார் சுப்பராயலு.

யஷ்வந்த் சிரிக்கவில்லை. தாளைத் தன் பக்கம் திருப்பி அம்புக்குறிகளை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"சார், எனக்கு ஒண்ணு தோணுதுங்க. மேல இருக்கறதும் இன்ஃபினிட்டி, கீழ இருக்கறதும் இன்ஃபினிட்டி. இன்ஃபினிட்டின்னா எல்லாமே ஒண்ணுதானுங்களே? அப்ப மேடம் சொல்ற இ தானே கரெக்ட்?"

சுப்பராயலு தலையை ஆட்டி வைத்தார். செயலாளரை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவர் என்று தெரிந்தது. யஷ்வந்த் பைலைத் திறந்து பேனாவை எடுத்தான்.

"மேடம், விடையை மாத்திடலாமுங்க. மாத்தினா அ போட்டவங்களுக்கெல்லாம் ஒரு மார்க் குறையும், நூத்திப்பத்துப் பேர் இருக்காங்க. அவங்க கேட்டா காட்டறதுக்கு ஒரு காரணம் எழுதி, உங்க கையெழுத்தும் வாங்கிக்கறேன்." சொல்லிக்கொண்டே எழுதி, தாளை அவள் பக்கம் நகர்த்தினான். முடிவிலி கணங்கள் அனைத்தும் சம அளவுள்ளவை, ஆகவே விடை இ.

பேனா அவள் கையில் இருந்தது. கீழே கோடு போட்டு இடமும் விட்டிருந்தான். கையெழுத்துப் போட்டால் அவளுக்கு நூற்றுப் பத்தொன்பது. மே மாதம் உண்டு, பி.எஃப். உண்டு, அடுத்த வருடம் எந்தப் பள்ளி என்ற கேள்வி இல்லை. அவ்வளவும் தெரிந்துதான் அந்த வரியை இன்னொரு முறை படித்தாள். அது தப்பு. சுப்பராயலு சொன்னதைவிடப் பெரிய தப்பு. அதன் கீழே தன் பெயரை எழுதக் கை வரவில்லை.

"சார், விடை சரிங்க. காரணம் தப்புங்க."

"விடை சரிதானே மேடம்?"

"எல்லா முடிவிலியும் சமம் இல்லீங்க. பூஜ்யத்துக்கும் ஒண்ணுக்கும் நடுவுல இருக்கற தசம எண்களை எடுத்துக்கங்க. அதையெல்லாம் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வரிசைப்படுத்தவே முடியாதுங்க. நீங்க எப்படிப் பட்டியல் போட்டுக் குடுத்தாலும், அதுல இல்லாத ஒரு தசமத்தை நான் எழுதிக் காட்டுவேன். முதல் எண்ணோட முதல் இலக்கத்தை மாத்துவேன், ரெண்டாவதோட ரெண்டாவது இலக்கத்தை மாத்துவேன், அப்படியே போனா..."

"இருங்க மேடம். அப்ப இன்ஃபினிட்டிலயும் பெருசு சிறுசு இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"அப்படீன்னா சார் சொல்ற மாதிரி இயல் எண்கள் பெருசு, ரெட்டை எண்கள் சிறுசுன்னு இருக்கலாமில்லீங்களா?"

"இல்லீங்க சார், அது வேற, இது வேற. இங்க ஒண்ணுக்கு ஒண்ணு உக்காருது. அங்க உக்காராது."

யஷ்வந்த் நல்ல பையன்தான். முகத்தில் குழப்பத்தை மறைக்கத் தெரியவில்லை. ஒரு நிமிடம் முன்னால் எல்லாம் தெளிவாக இருந்தது, இந்த அம்மாள் வந்து கலக்கிவிட்டாள் என்று அந்த முகம் சொன்னது. தாளைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

சுப்பராயலுவுக்கு உயிர் வந்தது. காலடியில் இருந்த தோல்பையிலிருந்து பழுப்பு அட்டை போட்ட ஒரு புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"நானா கற்பனையில எழுதல தம்பி. இந்த கைடு பன்னண்டு வருசமா ஓடுது. இந்த ஜில்லாவுல இதைப் படிக்காத பிள்ளை கிடையாது, பார்க்காத வாத்தியார் கிடையாது. ஒருத்தர்கூடத் தப்புன்னு சொன்னதில்ல. ஐம்பத்தெட்டாம் பக்கம் பாருங்க."

யஷ்வந்த் புரட்டினான். அதே கேள்வி, அதே நான்கு விடைகள், அதே வரிசை. கீழே தடித்த எழுத்தில் விடை: அ. அந்த நூற்றுப் பத்துப் பேரும் எங்கிருந்து வந்தார்கள் என்று அன்புச்செல்விக்கு அப்போது புரிந்தது. இந்தப் பக்கத்தை மனப்பாடம் செய்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

"கைடை நம்பலாமுங்களா சார்? ஒரு கம்பெனிக்காரன் அவசரத்துல அடிச்சிருப்பான்," என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் யஷ்வந்த் முதல் பக்கத்துக்குப் போய்விட்டான். யார் போட்ட புத்தகம் என்று பார்க்கிறவன் மாதிரி நிதானமாகப் படித்தான். பிறகு அவளுடைய விண்ணப்பத்தை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

"மேடம், சரிபார்த்தவர் ப. அன்புச்செல்வி, எம்.எஸ்சி.னு போட்டிருக்குதுங்க. இது யாருங்க?"

கையில் இருந்த பேனாவை அவள் மேசையில் வைத்தாள்.

"நாந்தானுங்க," என்றாள்.

எல்லாம் ஞாபகம் வந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் உக்கடத்துச் சந்தில், மை வாசனை அடிக்கும் மாடியில், இதே பக்கத்தின் அச்சுப்படியில் சிவப்புப் பேனாவால் அவள் வட்டம் போட்டாள். அ அல்ல, இ என்று ஓரத்தில் எழுதினாள். முதலாளி அருள்குமார் பார்த்துவிட்டு, பிளேட் போட்டாச்சுங்க மிஸ், இனி இதுல மாத்த முடியாது, அடுத்த பதிப்புல மாத்திக்கலாம் என்றார். அதே காகிதக் கட்டுக்குள் முதல் பக்கத்தின் அச்சுப்படியும் இருந்தது. அதில் அவள் பெயர் இருந்தது. அச்சில் தன் பெயரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். ஒரு கேள்விக்காகச் சண்டை போட்டு அந்தப் பக்கத்தை இழக்க மனம் வரவில்லை. சரிங்க சார் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு கைடு என்றாலே அவளுக்கு எரிச்சல் வந்ததே தவிர, அந்த எரிச்சல் எங்கே ஆரம்பித்தது என்று அவள் யோசித்ததில்லை.

"நீங்களே சரிபார்த்துப் பேர் போட்ட புத்தகத்தை நீங்களே தப்புன்னு சொன்னா," என்று யஷ்வந்த் மெதுவாகக் கேட்டான், "நாங்க எதை மேடம் நம்பறதுங்க?"

அவன் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டான். அன்புச்செல்வி அம்புக்குறி போட்ட தாளை எடுத்து மடித்துப் பையில் வைத்தாள். எழுந்து, வாரனுங்க சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். ஆறிப்போன காபி மேசையிலேயே இருந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் அருள்குமாருக்குப் போன் செய்தாள். பன்னிரண்டு வருடமாக அந்த நம்பர் போனில் இருந்தும் ஒரு முறைகூடக் கூப்பிட்டதில்லை.

"ஏனுங்க மிஸ், நல்லா இருக்கறீங்களா? உங்க ராசிங்க, அந்தக் கணக்கு கைடு பன்னண்டாவது பதிப்பு வந்திருச்சு."

"ஐம்பத்தெட்டாம் பக்கத்துல விடை தப்புங்க சார்."

"அப்படீங்களா? அதுக்கென்ன, அடுத்த பதிப்புல மாத்திப்போடலாமுங்க."

"இதையேதான் அன்னிக்கும் சொன்னீங்க."

"சொல்லியிருப்பனுங்க," என்று அருள்குமார் சிரித்தார். "பிள்ளைக பழகிட்டாங்க மிஸ். இனி மாத்தினா புத்தகத்துல தப்பு இருக்குதுன்னு கடைக்காரங்க திருப்பி அனுப்பிருவாங்க. இருந்தாலும் பார்க்கலாமுங்க. அடுத்த பதிப்புல."

போனை அணைத்துவிட்டு ஜன்னலோரம் சாய்ந்தாள். இவருடைய பதிப்புகளும் இயல் எண்கள் மாதிரிதான். எதை எடுத்தாலும் அதற்கு அடுத்தது ஒன்று இருக்கிறது, கடைசி என்று ஒன்று கிடையாது. ஷ்ரவ்யாவுக்கு இதைச் சொன்னால் சட்டென்று புரிந்திருக்கும் என்று நினைத்தாள்.

காந்திபுரத்தில் இறங்கி வீட்டுக்குப் போகவில்லை. உக்கடம் போய் மதுக்கரை பஸ் ஏறினாள். அம்மா வீட்டில் இருக்கும் பிரதியின் முதல் பக்கத்தைக் கிழித்துப்போட வேண்டும் என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது.

மாசாணியம்மாள் அப்போதுதான் தோட்டத்திலிருந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"என்ன அம்மணி, சொல்லாம கொள்ளாம? வேலை கெடைச்சிருச்சா?"

"இல்லம்மா," என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். சாமி படம் வைத்த அலமாரியில், படத்துக்கு வலது பக்கம், பிளாஸ்டிக் உறை போட்டு நிறுத்தி வைத்திருந்தது புத்தகம். உருவி எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தாள். அவள் பெயருக்கு மேல் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. குங்குமம் இன்னும் நிறம் மங்காமல் இருந்தது. காலையில் தோட்டத்துக்குப் போகும் முன்னால் வைத்திருப்பாள்.

கிழிக்க முடியவில்லை. பிறகு ஐம்பத்தெட்டாம் பக்கத்தைப் புரட்டி, கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, அ என்பதை அடித்துவிட்டு இ என்று எழுதினாள்.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்த மாசாணியம்மாள் பதறிப்போனாள்.

"ஏன் கண்ணு அதுல கிறுக்கறே?"

"இதுல தப்பா அச்சடிச்சிருக்கறாங்கம்மா. பன்னண்டு வருசமா தப்பு."

அம்மாவின் முகம் சுருங்கியது. கிட்டே வந்து எட்டிப் பார்த்தாள். எந்தப் பக்கம் என்று தெரியாமல் கண் தாளில் அலைந்தது.

"உன்ற பேருலயா தப்பு?"

"இல்லம்மா. பேரு சரியாத்தான் இருக்குது. அது மட்டுந்தான் சரியா இருக்குது."

மாசாணியம்மாளுக்கு மூச்சு வந்தது. "அது சரியா இருந்தாப் போதும் கண்ணு," என்று சொல்லி, மகள் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, முந்தானையால் ஒரு முறை துடைத்து, சாமி படத்துக்கு வலது பக்கம் முன்பிருந்த இடத்திலேயே நிறுத்தி வைத்தாள். அன்றைக்கு அந்த உக்கடத்து மாடியில் தானும் இதையேதான் நினைத்தோம் என்று அன்புச்செல்விக்குத் தோன்றியது. அடுப்புப் பற்ற வைக்கப் போன அம்மா உள்ளேயிருந்து, சாப்பிட்டுவிட்டுப் போ என்று குரல் கொடுத்தாள்.